ஐந்து பேர் வந்திருக்கிறோம்

காது கேட்காத ஒருவனைக் கூப்பிடுவதற்காக ஊரே கடற்கரையில் நின்று பாத்திரம் தட்டியது. என் நாற்பது வயதில் இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை.

அலுமினியச் சட்டி, எண்ணெய் டின், சிற்றாலயத்து மணி, யாரோ ஒருவனுடைய மோட்டார் சைக்கிள் ஹாரன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். "தெர்யோ! தெர்யோ, திரும்பி வந்துடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். வழக்கம் எனக்கும் தெரியும். நம்மைப் போல இல்லாதவர்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் குடியிருப்பவர்கள், யாரையாவது கொண்டுபோய்விட்டால், நாம் போடும் சத்தம் தாங்காமல் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போனவனும் தன் பெயரைக் காதால் கேட்டு, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வழி கண்டு வந்துவிடுவான். காது இருக்கிறவனுக்கு இதெல்லாம் சரி. என் தம்பி தெர்யோ பிறவியிலேயே காது கேட்காதவன், ஒரு வார்த்தை பேசாதவன். முப்பத்து நான்கு வருடமாக இந்த ஊரில்தான் நடமாடுகிறான். ஒருவருக்காவது கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசிக்கத் தோன்றவில்லை.

முன்னால் நின்று தட்டிக்கொண்டிருந்தது பியாங் அக்கா. ஊரில் ஜெபமாலை சொல்லிக் கொடுப்பவள், செத்த வீட்டிலும் கல்யாண வீட்டிலும் முதல் ஆளாக நிற்பவள். அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினேன்.

"யாரக் கூப்பிடுறீங்க பியாங் அக்கா?"

"என்னடி கேள்வி இது? ஒன் தம்பியத்தான்."

"அவனுக்குக் காது கேக்குமா?"

"கேக்காதுதான். ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப வழக்கத்தையே கூப்பிடுங்க. அது வந்து சேரும்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கடலில் எறிந்தேன். அது நல்ல கரண்டி என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

நடந்தது இதுதான். முந்தின நாள் விடியற்காலையில் பல்டோ மாமாவின் படகு ஆறு பேரோடு மீன்பிடிக்கப் போனது. மதியம் ஐந்து பேரோடு திரும்பி வந்தது. பல்டோ மாமா எங்கள் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பிலிப்பைன்ஸில், பனாயின் மேற்குக் கரையில் எங்கள் பக்கத்துப் படகோட்டிகளில் மூத்தவர், பெரிய அனுபவஸ்தர் என்று பெயர். நடுக்கடலில் ஓர் அலை அடித்து, படகின் பக்கத்தில் கட்டியிருக்கும் மூங்கில் மிதவை முறிந்துவிட்டது. மிதவை இல்லாவிட்டால் படகு குப்புறக் கவிழும். அருகில் இருந்தது அந்தத் தீவு ஒன்றுதான்.

அந்தத் தீவுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. விரலை நீட்டியும் காட்ட மாட்டோம். யாராவது ஞாபகமில்லாமல் நீட்டிவிட்டால் உடனே அந்த விரலைக் கடித்துக்கொள்ள வேண்டும். உதட்டைக் குவித்து அந்தத் திசையில் ஒரு இழுப்பு இழுத்தால் எல்லோருக்கும் புரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் விடுதி கட்டப்போகிறேன் என்று மணிலாவிலிருந்து ஒரு நில அளவைக்காரன் வந்தான். விரலை நீட்டி நீட்டிப் படம் எடுத்தான், தனியாகப் படகு வைத்துக்கொண்டு போனான். மூன்று வாரம் கழித்து எங்கள் ஊர்த் தென்னை மரத்தின் உச்சியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் சிரிப்பதாகத்தான் கேள்வி.

அப்படிப்பட்ட இடத்தில் படகைக் கரை ஒதுக்கினார்கள். வேறு வழி இல்லை, அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். மூங்கில் வெட்ட யார் இறங்கியது? தெர்யோ. வெட்டிக்கொண்டு வந்து போட்டான். பிறகு அதைக் கட்டுவதற்குக் கொடி வேண்டும் என்று மாமா கையைக் காட்ட, மறுபடி உள்ளே போனான். திரும்பி வரவில்லை. இவர்கள் படகில் கிடந்த நைலான் கயிற்றை வைத்தே மூங்கிலைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மூங்கில் புதரையே காணோமாம். அவன் போன பாதையும் இல்லையாம். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் என்றார் மாமா. அந்தப் படகில் போயிருந்த நோனோங்கை மடக்கிக் கேட்டேன். இரண்டு சிகரெட் நேரம் என்றான். இரண்டு சிகரெட்! அவன் வெட்டிக் கொடுத்த மூங்கிலில் மிதந்து, அவனை விட்டுவிட்டு, பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் அவன் இன்னும் எங்களுடையவன்தான் என்று எனக்குத் தெரியும். நம்மைப் போல இல்லாதவர்கள் கொண்டுபோன ஆளுக்குக் கருப்புச் சோறு பரிமாறுவார்கள். அதில் ஒரு கவளம் உள்ளே போய்விட்டால் முடிந்தது, பிறகு யார் போய் அழுதாலும் ஆள் வர மாட்டான். சாப்பிடாதவரை மீட்டுவிடலாம். தெர்யோவுக்கு இது தெரியும். சின்ன வயதிலேயே அம்மா கையால் சொல்லிக் கொடுத்திருந்தாள். அடுப்புக்கரியைக் காட்டி, அரிசியைக் காட்டி, வாய்க்குக் கொண்டுபோய், பிறகு கையைக் கடல் பக்கம் வீசி, போனால் போனதுதான் என்று விரித்துக் காட்டுவாள். அவன் அதை எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டான் என்றால், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கருப்பரிசியில் செய்யும் பலகாரத்தைக்கூடத் தொட மாட்டான். பிள்ளைகள் அதை அவன் மூக்கருகே கொண்டுபோய் விரட்டி விளையாடுவார்கள்.

அதனால் அவன் பசியோடு உட்கார்ந்திருப்பான். எத்தனை நாள் தாங்குவான்? ஒரு பகலும் ஒரு இரவும் ஏற்கெனவே போய்விட்டது. இதெல்லாம் தெரிந்தும் இவர்கள் கரையில் நின்று டின் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்றால் எனக்கு வயிறு எரியாதா?

நேரே மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் பெஞ்சு போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, தென்னங்கள் குடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தம்பியைப் பறிகொடுத்தவள் நான், ஆறுதல் அவருக்கு.

"மாமா, எந்திரிங்க. போலாம்."

"எங்க?"

கடல் பக்கம் உதட்டை நீட்டினேன்.

"ஒனக்கென்ன பைத்தியமா சோலெங்? போன ஆளு போனதுதான். ஒம்போது நாள் ஜெபத்துக்கு ஏற்பாடு பண்ணு. கடைசி நாளு பன்னி நான் போடுறேன்."

"உசுரோட இருக்கிறவனுக்கு ஜெபமா? அவன் அங்க பட்டினி கெடக்கான், நீங்க இங்க பன்னி அறுப்பீங்களா?"

"நான் என்னடி தப்பு பண்ணேன்? கால வைக்கிறதுக்கு முன்னாடி முறைப்படி தாபி சொல்லித்தான் எறங்குனேன். முப்பது வருஷமா நான் சொல்ற தாபியில ஒரு கொற வந்ததில்ல. இதுக்கு மேல அவங்க இஷ்டம்."

தாபி என்றால் வழி விடுங்கள் என்று அவர்களிடம் அனுமதி கேட்பது. கண்ணுக்குத் தெரியாதவர்கள் குடியிருக்கும் இடத்தில் அதைச் சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் சிறுநீர்கூடக் கழிக்க மாட்டார்கள்.

"கொற இல்லல்ல? அப்ப வந்து அத அவங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க" என்றேன். அவர் அசையவில்லை. நான் கரைக்கு இறங்கி அவருடைய படகில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டேன். சட்டி தட்டிக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது, பிறகு மாமாவைப் பார்த்தது. கால் மணி நேரம் பார்த்தபின் அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். ஊர் பார்க்கிறதே என்றுதான் வந்தார், தெர்யோவுக்காக வரவில்லை. என் புருஷன் தானிஸ் தானும் வருவதாகச் சொன்னான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று அவனை இறக்கிவிட்டேன்.

போகிற வழியெல்லாம் நான் பேசிக்கொண்டேதான் போனேன். அம்மா செத்த பிறகு பதினோரு வருடமாக அவனை வைத்துப் பார்ப்பது யார்? நான். கூடப்பிறந்தவள் மகன் என்று இந்த மாமா ஒரு நாள் கூப்பிட்டு ஒரு வாய்ச் சோறு போட்டிருப்பாரா? படகுக்கு ஆள் வேண்டும் என்றால் மட்டும் விடியற்காலையில் வந்து அவன் தோளைத் தட்டுவார். என் வீட்டில் அவனுக்கு என்ன குறை? சமையலறைக்குப் பின்னால் தனியாகத் தகரம் வேய்ந்து இடம் கொடுத்திருக்கிறேன். போர்வை கொடுத்திருக்கிறேன். தண்ணீர் கொண்டுவருவது, பன்றிக்குத் தீனி வைப்பது, வலை தைப்பது எல்லாம் அவனாகவே செய்கிறானே தவிர நான் ஏவியதில்லை. இதையெல்லாம் மாமாவின் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் மோட்டாரின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டார்.

தீவை நெருங்கியதும் காற்று எங்கள் தலைமுடியைப் பிய்த்தது. ஆனால் கரையிலிருந்த மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. நான் ரவிக்கையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருந்தேன். துணியைத் திருப்பிப் போட்டவர்களுக்கு அவர்கள் வழியைத் திருப்பிவிட முடியாது. மாமா திருப்பிப் போடவில்லை. ஊர் பார்க்கப் படகேறும்போது கோமாளி மாதிரி இருக்கக் கூடாதாம்.

முழங்கால் தண்ணீரில் இறங்கினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, பாதிரியார் பூசை வைக்கிற குரலில் சொன்னார்:

"தாபி ஐயாமாரே, தாபி அம்மாமாரே, வழி விடுங்க. ரெண்டு பேர் வந்திருக்கிறோம். ஒருத்தனத் தேடி வந்திருக்கிறோம். பொழுது சாயுறதுக்குள்ள போயிடுவோம்."

எத்தனை பேர், எதற்காக, எப்போது போவோம். ஒரு படகுக்குத் தலைவனாக இருப்பவன் இந்த மூன்றையும் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். பெண்கள் மீன்பிடிக்கப் போவதில்லை என்பதால் நான் அதுவரை இந்தப் படகுத் தாபியைக் காதால் கேட்டதில்லை. கேட்டதும் எனக்கு ஏதோ உறுத்தியது.

"மாமா, நேத்து எத்தன பேருன்னு சொன்னீங்க?"

"வந்தவங்க எத்தனையோ அத்தன."

"எத்தன?"

"அஞ்சு."

"அந்த அஞ்சு யாரு?"

அவர் அலுத்துக்கொண்டே விரலை மடக்கினார். "நான். நோனோங். கார்யாஸ். அந்த ரெட்டப் பசங்க ரெண்டு பேரு. அஞ்சுதானே?"

"தெர்யோ?"

அவர் தன் கையையே பார்த்தார். இன்னொரு விரல் எங்கே போயிற்று என்று தேடுகிறவர் மாதிரி புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் பொய் இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவருக்கு நிஜமாகவே தோன்றவில்லை.

"அவன்... அவன் எப்பவும் இருக்கிறவன்தானே சோலெங். நங்கூரத்த எண்ணுவமா? துடுப்ப எண்ணுவமா?"

காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றினேன். தாய்மாமன், வயதில் பெரியவர். மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"நங்கூரமா? ஒங்க அக்கா வயித்துல பொறந்தது நங்கூரமா? அந்த நங்கூரம்தான் ஒங்களுக்கு மூங்கில் வெட்டிக் குடுத்துச்சா? முப்பது வருஷமா கொற இல்லாம தாபி சொன்ன வாயி இதுதானா? நடங்க உள்ள. நீங்க விட்ட ஆள நீங்களே வந்து எண்ணுங்க."

உள்ளே பாதை இருந்தது. நல்ல அகலமான, பெருக்கிவிட்டதுபோன்ற பாதை. அதுவே நம்பக்கூடாதது. கொஞ்ச தூரத்தில் ஒரு பாறை மேல் அது குந்தியிருந்தது. குதிரை முகம், மனிதக் கை. குந்தியிருந்த நிலையில் அதன் முழங்கால் இரண்டும் தலைக்கு மேல் நின்றன. எங்களைப் பார்த்து மூக்கால் சிரித்தது. சாதாரண நாளாக இருந்தால் நான் அங்கேயே உயிரை விட்டிருப்பேன்.

"சிரிக்காத. நான் ஏற்கெனவே கோவத்துல இருக்கேன். தள்ளு" என்றேன்.

அது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டது. என் கோபத்துக்கு மரியாதை கொடுத்த முதல் ஆள் அதுதான். ஆனால் மாமாவை விடவில்லை. அவர் பாட்டுக்கு இடது பக்கம் நடக்க ஆரம்பித்தார். என்ன மாமா அங்கே என்றால், பாதை இங்கேதானே போகிறது என்கிறார். என் கண்ணுக்கு அங்கே பாதை இல்லை. செங்குத்தான பாறை விளிம்பும் கீழே நுரைத்துக்கொண்டிருந்த கடலும்தான் தெரிந்தன. அவர் சட்டையின் பின்பக்கத்தை எட்டிப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்து அலையில் விழுந்தன. அவர் அவை விழுவதைப் பார்த்தபின்தான் கடலைப் பார்த்தார். அங்கேயே சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டார். கோமாளி மாதிரிதான் இருந்தார்.

பாதை ஒரு பெரிய பலேத்தே மரத்தில் முடிந்தது. ஆலமரம் போல விழுதுகள் தொங்கும் மரம். விழுதுகளை விலக்கி உள்ளே போனால் உள்ளே வீடு. நீளமான மேசை, இரண்டு பக்கமும் நாற்காலிகள், அவற்றில் ஆட்கள். சிலரை எனக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் ஊரில் என்றோ காணாமல் போய், நாங்கள் ஒன்பது நாள் ஜெபம் சொல்லி முடித்துவிட்டவர்கள். தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி என்கிற பார்வை. மறுபடி குனிந்து சாப்பிட்டார்கள்.

மேசையின் நடுவில் தெர்யோ உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை போட்டு, தலை வாரிவிட்டிருந்தார்கள். அவன் முன்னால் வாழையிலையில் கருப்புச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரு பருக்கைகூடக் கலையவில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்தான். இரண்டு விரலால் தன் புருவங்களைச் சேர்த்துப் பிடித்தான். அவன் எனக்கு வைத்திருக்கும் பெயர் அது. நான் எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பதால் வைத்தது. பிறகு வயிற்றைத் தொட்டுக் காட்டி, சோற்றைக் காட்டி, அம்மா காட்டுவதுபோலவே கையைக் கடல் பக்கம் வீசித் தலையை ஆட்டிச் சிரித்தான். தொடவில்லையாம். கண் குழி விழுந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேசையின் தலைமாட்டில் ஒரு பெண் நின்றாள். வெள்ளையாக, அழகாக இருந்தாள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் நமக்கெல்லாம் இருக்கும் பள்ளம் அவளுக்கு இல்லை, வழவழவென்று இருந்தது. அதை வைத்துத்தான் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பயப்பட வேண்டிய இடம்தான். எனக்கு வாய் நிற்கவில்லை.

"காது கேக்காத, வாய் பேசாத ஒருத்தனப் பிடிச்சு வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல ஒங்களுக்கு? தாபி சொல்லலன்னு பிடிச்சீங்களா? அவன் எப்படிச் சொல்லுவான்? அவனுக்கு வாயக் குடுக்காதவர்கிட்டப் போய்க் கேளுங்க!"

"நாங்க யாரையும் பிடிக்கல" என்றாள். குரல் மெதுவாக, எங்கள் ஊர்ப் பேச்சாகவே இருந்தது. "அஞ்சு பேர் வந்திருக்கிறோம்னு ஒருத்தர் சொன்னார். அஞ்சு பேர் போனாங்க. அதுக்கப்புறமும் ஒருத்தன் நின்னான். எண்ணிக்கையில சொல்லாம கொண்டாந்து, விட்டுட்டுப் போனத நாங்க என்னன்னு எடுத்துக்கிறது? காணிக்கைன்னு எடுத்துக்கிட்டோம். ஒக்கார வச்சோம். எல போட்டோம். சாப்பிடுன்னு யாரும் வற்புறுத்தல."

திரும்பி மாமாவைப் பிடித்து முன்னால் தள்ளினேன். "சொல்லுங்க."

அவர் மண்டியிட்டார். உள்பக்கத் தையலெல்லாம் வெளியே தெரியும் அந்தச் சட்டையில், அறுபது வயதில், சின்னப் பிள்ளைபோல் அழுதார்.

"ஆறு பேரு தாயி. ஆறு பேர் வந்தோம். நான் தப்பாச் சொல்லிட்டேன். ஆறாவது ஆளு இவன். பேரு எலெயுத்தெர்யோ. எங்க அக்கா மகன். எங்க படகு ஆளு."

தெர்யோ அவருடைய வாயையும் மடக்காமல் நீட்டியிருந்த ஆறு விரலையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது இந்த ஒரு தடவை மாமாவை மன்னித்துவிடலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

"சரி" என்றாள் அந்தப் பெண். "தப்பு ஒங்களோடது. திருத்திட்டீங்க. கூட்டிட்டுப் போங்க."

அவ்வளவுதானா என்று இருந்தது. ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வெளியே வந்தான்.

"எந்த வீட்டுக்குப் போறான்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இது என்ன கேள்வி? என் வீட்டுக்குத்தான். பதினோரு வருஷமா நான்தான் வச்சுப் பாக்குறேன். வேற யாரு இருக்காங்க அவனுக்கு?"

"ஒன் வீட்டுல எத்தன பேரு?"

யார்தான் இதைக் கேட்கவில்லை? புயலுக்குப் பிறகு நிவாரண அரிசி கொண்டுவந்தவர் கேட்டார். கோயில் புத்தகத்தில் பெயர் எழுதுகிறவர் கேட்டார். தடுப்பூசி போட வந்த நர்ஸ் கேட்டாள். சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன பதில். தெர்யோ பக்கத்தில் இருந்தால் எதைச் சொன்னாலும் கையாலும் சேர்த்துச் சொல்வது எனக்குப் பழக்கம். கட்டை விரலை உள்ளே மடக்கி, கையைத் தூக்கிக் காட்டினேன்.

"நாலு பேரு."

மண்டியிட்டிருந்த மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் முகத்தில் பரிதாபம்தான் இருந்தது.

தெர்யோ என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு விரலாகத் தொட்டான். முதல் விரலைத் தொட்டுப் புருவத்தைச் சேர்த்துப் பிடித்தான், அது நான். அடுத்ததைத் தொட்டு மீசையைத் தடவிக் காட்டினான், தானிஸ். அடுத்த இரண்டையும் தொட்டு, என் பிள்ளைகள் இருவரின் உயரத்தையும் இடுப்பருகே கையை வைத்துக் காட்டினான். நாலு. பிறகு உள்ளங்கைக்குள் மடங்கியிருந்த என் கட்டை விரலைத் தொட்டான். அது யார் என்று என்னிடம் கேட்கவில்லை. தெரிந்துகொண்டான்.

"நீ! இது நீ! அஞ்சு பேரு!" என்று ஐந்து விரலையும் விரித்து, அவன் நெஞ்சில் குத்திக் குத்திக் காட்டினேன். "வாய் தவறிடுச்சுடா. அஞ்சு! பாரு, அஞ்சு!"

அவன் சிரித்தான். என் பிள்ளைகள் இன்னும் சின்னவர்களாக இருந்தபோது, மிட்டாய் என்று வெறும் காகிதத்தை மடித்துக் கொடுத்து அவனை ஏமாற்றுவார்கள். அவர்கள் மனசு நோகக்கூடாது என்று வாங்கிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பான். அதே சிரிப்பு. என் விரிந்த கையை எடுத்து, எங்கள் ஊரில் பெரியவர்களிடம் செய்வதுபோல, புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான். திரும்பிப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

நான் பாய்ந்து அவன் இலையைக் கையால் மூடினேன். சோறு சுட்டது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, நோகாமல், இலைக்கு அந்தப் பக்கம் எடுத்து வைத்தான். பிறகு கவளத்தைச் சேர்த்து, கட்டை விரலால் வாய்க்குள் தள்ளினான்.

எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. வேறு எதுவும் எனக்கு வராது. யார் மேல் காட்டுவது என்று அந்த வீடு முழுக்கத் தேடினேன். அந்தப் பெண் கேட்டது ஒரு கேள்வி. மாமா அழுது திருத்திக்கொண்டுவிட்டார். குதிரை முகம்கூட வழி விட்டது. மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

இரண்டு நாள் பட்டினி கிடந்தவன் அள்ளி அள்ளி விழுங்குவான் என்று நினைத்தேன். அவன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கவளத்தையும் உருட்டி, ஊதி, மென்று, பக்கத்தில் இருந்தவன் நகர்த்திவிட்ட மீனைத் தலையாட்டி வாங்கிக்கொண்டு சாப்பிட்டான். கடைசியாக அவன் எதிரில் நின்று அவன் சாப்பிடுவதை எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை.